"இதுல கணக்கு இருக்கா டீச்சர்?"

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். சென்னையில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கென்று ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். கையில் கொடுத்ததும் அட்டையைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தையும் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"என்னடி, கடைசிப் பக்கத்துல என்ன தேடுத?"

"கேள்வி இருக்கான்னு பாக்கறேன் ஆச்சி. கேள்வி இல்லன்னா படிக்கலாம்."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் என்னிடம் ஒரு சிறுமி 1996இல் கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் குற்றவாளி நான்தான். ஆகவே, இந்தத் தடவை ஓய்வூதியம், மூட்டுவலி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, கதைப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1979. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள். பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிதான். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. அந்தக் காலத்தை இங்கே உள்ளவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். மிஞ்சியவர்கள்தான் எங்களுக்கு. அப்படி மிஞ்சிய பிள்ளைகளும் பள்ளிக்கு வருமுன் ஒரு நடை, போன பிறகு ஒரு நடை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். வகுப்பில் பக்கத்தில் போய் நின்றால் பசை வாடை அடிக்கும்.

அந்தப் பிள்ளைகள் பார்த்த வண்ணப் படம் எது தெரியுமா? தீப்பெட்டி லேபிள். யானை, மயில், கப்பல், சாவி என்று ஒட்டி ஒட்டியே படம் படித்தவர்கள் அவர்கள். கதைப் புத்தகம் என்ற ஒன்றை அவர்கள் வீட்டில் யாரும் வாங்கியதில்லை. அம்புலிமாமா எங்கள் வீட்டுக்கு வந்தது, எல்லார் வீட்டுக்கும் வரவில்லை. கோவில்பட்டியில் புத்தகக் கண்காட்சி போட்டால் சோவியத் நாட்டுப் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். வழவழத் தாளில் கரடியும் நரியும். நானும் நாலைந்து வாங்கினேன். ஆனால் என் மகனுக்கு வாங்கினேனே தவிர வகுப்புக்கு வாங்கவில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பிறகு 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. மத்திய அரசின் திட்டம். பெயர்தான் கரும்பலகை. சிறு பள்ளிகளுக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அத்துடன் வரைபடம், விளையாட்டுப் பொருள், அறிவியல் பெட்டி, புத்தகங்கள் என்று கொடுப்பதுதான் அதன் நோக்கம். எங்கள் பள்ளிக்கும் சில ஆண்டுகளில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நேரு பால புஸ்தகாலயப் புத்தகங்கள் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் படம், கொஞ்சம்போல எழுத்து. நான் ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோதே தலைமையாசிரியர் அவற்றை எண்ணி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை. பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு அவர்தான் பொறுப்பு. தணிக்கைக்கு வருகிறவர் "நாற்பது இருக்க வேண்டும், முப்பத்தாறுதான் இருக்கிறது" என்று சொன்னால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிள்ளைகள் கையில் கொடுத்தால் புத்தகம் கிழியும். கிழிந்தால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். பூட்டி வைத்தால் ஒரு கேள்வியும் இல்லை. எந்த மனிதர்தான் பூட்ட மாட்டார்?

அவர் போய் 1994இல் சாவி என் கைக்கு வந்தது. நான் உடனே பீரோவைத் திறந்து புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு வாரி வழங்கினேன் என்று எழுத ஆசைதான். நானும் இரண்டு வருடம் பூட்டித்தான் வைத்திருந்தேன். 1996இல் ஒரு மழைநாளில், ஒழுகுகிறதோ என்று பீரோவைத் திறந்து பார்த்தபோது ராமபாணப் பூச்சி பாதிப் புத்தகங்களை அரித்திருந்தது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் காப்பாற்றிய புத்தகங்கள்! ஒரு பிள்ளையின் விரல்கூடப் படாமல் பூச்சி தின்று தீர்த்திருந்தது. அன்றைக்கு மத்தியானம் மிச்சத்தை எடுத்து வகுப்பில் ஒரு கொடி கட்டி, துணி காயப் போடுகிற மாதிரி தொங்கவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த தப்பு வேறு மாதிரியானது. அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

புத்தகம் வெளியே வந்ததும் எனக்கு ஒரே உற்சாகம். ஒவ்வொரு கதைக்குள்ளும் பாடத்தைத் தேட ஆரம்பித்தேன். பாட்டி வடை சுட்ட கதை என்றால் "பாட்டி பன்னிரண்டு வடை சுட்டாள், காகம் ஒன்றைத் தூக்கிவிட்டது, மீதி எத்தனை?" காகத்தின் வாயிலிருந்து வடை விழுகிற அந்த நொடிக்காகத்தான் பிள்ளைகள் கதையே கேட்கிறார்கள். நான் அங்கே நிறுத்திவிட்டுக் கழித்தல் போடச் சொல்வேன். யானைக் கதை என்றால் யானையின் உணவு, வாழிடம், ஆயுட்காலம். கதை முடிந்ததும் தவறாமல் "இந்தக் கதையின் நீதி என்ன?" ஒரு மாதம் இப்படி நடந்தது. பாடத்திட்டத்தையே கதைக்குள் கொண்டுவந்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் புதிதாக ஒரு புத்தகத்தை எடுத்தேன். முன்வரிசையில் இருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி (பெயர் வேண்டாம்) கேட்டாள்:

"இதுல கணக்கு இருக்கா டீச்சர்?"

இருந்தால் நன்றாக இருக்கும் என்ற குரல் இல்லை அது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும்போது குழந்தை தேனையே சந்தேகமாகப் பார்க்குமே, அந்தப் பார்வை. கணக்கு வராத பிள்ளை என்று நானே முத்திரை குத்தி வைத்திருந்த பிள்ளை அவள். கணக்கைப் பிடிக்க வைக்கக் கதையைக் கொண்டுவந்து, கடைசியில் கதையையும் பிடிக்காமல் செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் தடவை கதையை முழுசாகப் படிப்பது. நடுவில் நிறுத்துவதில்லை. முடித்தபின் நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. புத்தகத்தை மூடிக் கொடியில் மாட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். கேள்வி வந்தால் அவர்களிடமிருந்து வரட்டும். வராவிட்டால் போகட்டும், கதை கேட்ட லாபம் மிச்சம்.

பல கதைகளுக்கு ஒன்றும் வராது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வந்தபோது நான் பாடக்குறிப்பில் எழுதியே இருக்க முடியாத இடங்களுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் ராஜாவிடம் பரிசு கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். முதல் கட்டத்துக்கு ஒரு மணி தானியம், அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்து நாலு என்று அறுபத்து நாலு கட்டத்துக்கும் இரட்டிப்பாகக் கொடு என்பான். ராஜா இவ்வளவுதானா என்று சிரிப்பார். கதையைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு பையன், "ராஜா ஏன் டீச்சர் குடுக்க முடியல? நெல்லு கொஞ்சமாத்தான இருக்கு" என்றான். அவனால் நம்ப முடியவில்லை. போட்டுப் பார்த்துவிடுவோம் என்று தரையில் சாக்பீசால் கட்டம் வரைந்தோம். தானியத்துக்குப் பதில் தீக்குச்சி. அதற்குத்தான் எங்கள் ஊரில் பஞ்சமில்லையே.

பெட்டிக்கு ஐம்பது குச்சி. ஆறாவது கட்டத்தை முடிப்பதற்குள் ஒரு பெட்டி தீர்ந்துவிட்டது. ஏனென்றால் ஆறு கட்டத்துக்குமாகச் சேர்த்து 63 குச்சி வேண்டும். பத்தாவது கட்டத்துக்கு மட்டும் 512. குச்சி போதவில்லை, கரும்பலகைக்குப் போனோம். பதினாறாவது கட்டம் 32,768. நான் எண்ணை எழுதிவிட்டு நிமிர்வதற்குள் அந்தச் சிறுமி சொன்னாள்:

"அதுக்கு நாலரை குரோசுக்கு மேல பெட்டி வேணும் டீச்சர்."

எனக்கு விளங்கவில்லை. சாக்பீசை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 32,768ஐ ஐம்பதால் வகுத்தால் 655 பெட்டி சொச்சம். ஒரு குரோஸ் 144. நாலு குரோஸ் 576, அரை குரோஸ் 72, ஆக 648. மேலே ஏழு பெட்டி. சரிதான்! தினமும் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டிக் கூலி வாங்குகிறவள் அவள். கணக்கு அவளுக்கு எப்போதும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என் வகுப்புக்குள் அதைக் கொண்டுவர அவளுக்கு ஒரு வாசல் இல்லாமல் இருந்திருக்கிறது. அறுபத்து நாலாவது கட்டம் வரை நாங்கள் போகவில்லை. கட்டங்கள் எல்லாவற்றுக்கும் கூட்டினால் இருபது இலக்க எண் வரும் என்று சொன்னபோது அந்தப் பையன் ராஜாவுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது பள்ளி ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். பிள்ளைகள் தரையில் குச்சி அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஆபீஸ்ல அடுக்குறது போதாதாம்மா, இங்கயுமா?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரத்திலிருந்து புளியங்கொட்டைக்கு மாறிவிட்டேன். குச்சியில் கிடைத்தது புளியங்கொட்டையில் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆறாம் வகுப்பு நாலு கிலோமீட்டர் தள்ளி. சேரவில்லை. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மூன்றாவது தடவை போனபோது அவள் அம்மா "இனிமே வராதீய டீச்சர்" என்று கும்பிட்டாள். பீரோவை 1994லேயே திறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருக்கும். அது மேலே படிக்கப் போதுமானதாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். என் கையில் இருந்தது சாவி ஒன்றுதான். அதையும் திருப்பாமல் வைத்திருந்தேன்.

சரி, புழுக் கதைக்கு வருகிறேன். 2001 வாக்கில், சிங்கப்பூரில் இருந்த என் தம்பி ஒரு ஆங்கிலப் படப்புத்தகம் கொண்டுவந்தான். எரிக் கார்ல் என்ற அமெரிக்க ஓவியர் 1969இல் வெளியிட்டது. பசி தீராத ஒரு கம்பளிப்புழு திங்கட்கிழமை ஒரு பழம், செவ்வாய்க்கிழமை இரண்டு என்று தின்றுகொண்டே போய்க் கடைசியில் பட்டாம்பூச்சியாகிவிடும். அது தின்ற இடத்திலெல்லாம் பக்கத்திலேயே ஓட்டை போட்டிருப்பார்கள். உலகம் முழுக்க ஆசிரியர்கள் கிழமை, எண், உயிரியல் மூன்றுக்கும் இதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். நான் படத்தைக் காட்டித் தமிழில் சொன்னேன். பேரிக்காயும் பிளம்ஸும் எங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை. அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். புத்தகம் ஒரே வாரத்தில் தொய்ந்துவிட்டது. இந்தத் தடவை நான் கவலைப்படவில்லை.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாள் ஒரு எருக்கிலையைப் புழுவோடு கொண்டுவந்தான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிபோட்ட புழு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் இலை பறிப்பது மட்டும் என் வேலை. அட்டைப் பெட்டியில் கொசுவலைத் துண்டு கட்டி வைத்தோம். புழு தின்றது, தின்றது, தின்றுகொண்டே இருந்தது. ஒரு நாள் தலைகீழாகத் தொங்கித் தோலை உரித்தது. உள்ளே பச்சையாக ஒரு கூட்டுப்புழு. பத்து நாள் போல ஆகியிருக்கும், ஒரு காலை நேரத்தில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஈரச் சிறகோடு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நான் வருகைப் பதிவேடு எடுக்கவில்லை.

அதற்கப்புறம் புத்தகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்த ஒரு பெண் என்னிடம் வந்து, "புக்குல தப்பு இருக்கு டீச்சர்" என்றாள். கதையில் புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு, அதில் ஓட்டை போட்டு வெளியே வரும். "நம்ம புழு கூடு கட்டலயே, சட்டையத்தான உரிச்சுச்சு" என்றாள். அவள் சொன்னது சரி. நூல் சுற்றிக் கூடு கட்டுவது பட்டுப்பூச்சி மாதிரியான அந்துப்பூச்சி இனங்களின் வேலை. உலகப் புகழ்பெற்ற புத்தகத்தில் இருந்த பிழையைக் கரிசல் காட்டுப் பிள்ளை ஒன்று எருக்கஞ்செடியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தலைமுறைக்கு இந்தத் துணிச்சல் வந்ததா?

அச்சிட்ட புத்தகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் கிழவன் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டே நாட்டுப்புறக் கதைகளை மலைபோல் சேர்த்துவிட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்குக் கூட்டிவந்து கழுகுமலை வெட்டுவான் கோவில் கதையைச் சொல்லச் சொன்னேன். சிற்பி அப்பனுக்கும் மகனுக்கும் வந்த போட்டியும், கோவில் பாதியில் நின்ற காரணமும். ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், அவர் ஒரு மாதிரி சொன்னார். "மேலருந்து கீழ வெட்டிட்டு வந்தா சாரம் கட்ட வேண்டாமே" என்றது ஒரு பிள்ளை. பாண்டியர் கால ஒற்றைக்கல் கோவிலைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஒருபக்கம் அச்சடித்த தாள்களின் மறுபக்கத்தில் பிள்ளைகளே படம் வரைந்து கதையை எழுதினார்கள். ஊசி நூலால் தைத்துக் கொடியில் மாட்டினோம். மற்ற எல்லாப் புத்தகத்தையும்விட அதுதான் சீக்கிரம் கிழிந்தது. அத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள்.

கதை சொல்லிக்கொண்டே இருந்தால் பாடம் எப்போது முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாய்ப்பாடு கதையில் வராது. நீள் வகுத்தல் கதையில் வராது. அதையெல்லாம் தினமும் போட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் கதையிலேயே நடத்திவிடலாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கதை ஒரு பிள்ளைக்குக் கேட்கத் தோன்ற வைக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்து உழைக்க வேண்டியது ஆசிரியர் பாடு.

இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் எங்கள் பக்கம் வந்தபோது பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததே பெரிய மாற்றம். 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அரசே அச்சிட்டுக் கொடுக்கிறது. தூலிகா போன்ற பதிப்பகங்களின் படப்புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கே திரும்ப வகுப்புக்குப் போகலாமா என்றிருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. ஒன்று அந்தப் பதிவேடு. பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகத்தை ஒரு கையெழுத்தில் தள்ளுபடி செய்துவிடத் தலைமையாசிரியருக்கு உரிமை வேண்டும். வருட முடிவில் ஒரு புத்தகம்கூடக் கிழியாத பள்ளியிடம்தான் விளக்கம் கேட்க வேண்டும். இன்னொன்று என் பேத்தி தேடிய அந்தக் கடைசிப் பக்கம். தனியார் பள்ளிகளில் கதைக்கு ஒரு வொர்க்ஷீட், அதற்கு மதிப்பெண். நான் 1996இல் செய்த அதே தப்பை நல்ல தாளில் வண்ணத்தில் அச்சடித்து, அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

பேத்தி விஷயத்தை முடிக்கவில்லையே. கடைசிப் பக்கத்தில் கேள்வி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சந்தைப் படம். எழுத்து ஒரே ஒரு வரி. நான் வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இரு ஆச்சி. அந்தத் தராசுல ஒரு பக்கம் கல்லுக்குப் பதிலா பூனை உக்காந்திருக்கு பாரு. அப்ப அந்தத் தக்காளி எவ்ளோ?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூனை இருந்தது. ஒரு பூனை எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் திரிகிற சாம்பல் பூனையைப் பிடித்து எடை போடுவதற்காக அவளும் பக்கத்து வீட்டுப் பையனும் இரண்டு நாள் அலைந்தார்கள். அது சிக்கவில்லை. கையில் ஒரு பிறாண்டல்தான் மிச்சம்.